கடம்பூரில் ஒரு பஞ்சாயத்து

கோவில்பட்டிக்குக் கடலைமிட்டாய் எப்படியோ, கடம்பூருக்குப் போளி அப்படி. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு என்னும் அரசாங்க முத்திரையே கிடைத்தது. கடம்பூர்ப் போளியின் புகழோ ரயில் ஜன்னல்களின் வழியாகப் பரவிய புகழ். மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் இடையே அடிக்கடி பிரயாணம் செய்கிறவர்கள், "போளி, போளி!" என்ற குரல் காதில் விழுந்தால் கடம்பூர் வந்துவிட்டது என்று அறிந்துகொள்வார்கள். வெளியே எட்டிப் பார்த்து ஸ்டேஷன் பெயரைப் படிக்கவேண்டிய அவசியமே இல்லை.

சென்ற ஆடி மாதத்தில் நாம் கடம்பூருக்குப் போனதும் போளியின் நிமித்தமாகத்தான். போளி தின்றுவிட்டுத் திரும்புவது என்று போன நாம், ஒரு பஞ்சாயத்துக்குத் தலைமை வகித்து, அதில் தோற்றுத் திரும்பினோம். அந்தக் கதையை நேயர்களுக்குச் சொல்லவேண்டும். படிக்கிற பிள்ளையோ பெண்ணோ உள்ள வீடுகளில் இந்த வழக்கு என்றைக்காவது ஒரு நாள் வந்தே தீரும் அல்லவா?

கரிசல் வழியே

கோவில்பட்டியில் பாசஞ்சர் வண்டி ஏறினோம். 1876-ஆம் வருஷத்தில் மதுரையையும் தூத்துக்குடியையும் இணைத்த பாதை இது. இருபுறமும் கரிசல். ஆடி மாதத்துக் கரிசல் காட்டைப் பார்க்காதவர்களுக்கு அதை வர்ணிப்பது கடினம். பச்சை என்று சொல்ல சீமைக்கருவேலத்தைத் தவிர வேறு அதிகமில்லை. மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. ஐப்பசி மழையை நம்பிப் பருத்தியும் உளுந்தும் கம்பும் சோளமும் விதைக்கிற பூமி. அதுவரையில் வாயைத் திறந்துகொண்டு வானத்தைப் பார்ப்பதே அதன் வேலை. காற்றோ கேட்கவேண்டியதில்லை. கயத்தாற்றுப் பக்கம் நிற்கும் காற்றாலைகள் அந்தக் காற்றை வீணாக்காமல் மின்சாரமாக மாற்றிக்கொண்டிருக்கின்றன.

கோவில்பட்டிக்கும் கடம்பூருக்கும் நடுவே குமாரபுரம் என்று ஒரு சின்னஞ்சிறு ஸ்டேஷன் இருக்கிறது. அதன் பெயரைத் தமிழ் இலக்கியத்தில் நிலைநிறுத்தியவர் பக்கத்திலுள்ள இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமி. "குமாரபுரம் ஸ்டேஷன்" என்ற அவருடைய சிறுகதையில், கிராமத்துச் சிறுவர்கள் சிலர் பெரிய பள்ளிக்கூடத்தில் சேருவதற்காக ரயிலேறுகிறார்கள். இந்தப் பாதையில் ஓடும் வண்டிகள் அன்று முதல் இன்று வரை பருத்தியையும் தீப்பெட்டியையும் மட்டும் ஏற்றிச் செல்லவில்லை. படிக்கப் போகும் பிள்ளைகளையும் ஏற்றிச் செல்கின்றன. நாம் போன காரியமும் அப்படிப்பட்ட ஒரு பிரயாணத்தில் போய் மாட்டிக்கொள்ளப் போகிறது என்று அந்த ஸ்டேஷனைக் கடந்தபோது நமக்குத் தெரியாது.

இரண்டு கடிதங்கள்

கடம்பூரில் நமக்கு ஒரு சிநேகிதர் உண்டு. போளி போடுகிறவர். நாலு ஏக்கர் கரிசலும், ஒரு தோசைக்கல்லும், நல்ல கைப்பக்குவமும் அவருடைய ஆஸ்தி. வருஷக்கணக்காக அவர் கைப் போளியைத் தின்றதனால் ஏற்பட்ட சிநேகம் இது. வாழையிலைத் துண்டில் மாவைத் தட்டி, பூரணத்தை வைத்து மூடி, மறுபடி தட்டிக் கல்லில் அவர் போடுகிற லாகவத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அன்றைக்கு அவர் கல் பக்கமே போகவில்லை. "அண்ணாச்சி, போளி அப்புறம். முதலில் ஒரு பஞ்சாயத்து இருக்கிறது. சினிமாவைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிறவர் நீங்கள். நீங்கள்தான் தீர்த்து வைக்கவேண்டும்" என்று வீட்டுக்கு அழைத்துச் சென்றார்.

வழக்கு இதுதான். அவருடைய ஒரே மகள் கோவில்பட்டியில் பி.ஏ. முடித்தவள். சினிமா என்றால் உயிர். நட்சத்திரங்களின் படத்தைச் சுவரில் ஒட்டிவைக்கும் உயிரல்ல. ஒரு காட்சியை ஏன் இங்கே வெட்டினார்கள், ஏன் அந்த இடத்தில் பாட்டு இல்லை என்று கேட்கும் உயிர். யாருக்கும் சொல்லாமல் இரண்டு இடங்களுக்கு நுழைவுத் தேர்வு எழுதினாள். ஒன்று பூனாவிலுள்ள இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கல்வி நிறுவனம். மற்றொன்று கல்கத்தாவிலுள்ள சத்யஜித் ராய் திரைப்பட, தொலைக்காட்சிக் கல்வி நிறுவனம். (இப்பொழுது புனே என்றும் கொல்கத்தா என்றும் எழுதவேண்டும், நமது பேனா பழைய பெயர்களை விடமாட்டேன் என்கிறது.) இரண்டிலும் இயக்கமும் திரைக்கதையும் கற்பிக்கும் பிரிவு இருக்கிறது, மூன்று வருஷப் படிப்பு. அந்தப் பிரிவுக்குத் தேசம் முழுவதிலிருந்தும் எடுக்கப்படுகிறவர்கள் ஏறக்குறைய ஒரு டஜன் பேர்தான். ஓர் இடத்தில் கிடைப்பதே அபூர்வம். இந்தப் பெண்ணுக்கு இரண்டிலும் கிடைத்துவிட்டது! இரண்டு கடிதங்களும் ஆச்சியின் வெற்றிலைப் பெட்டிக்கு அடியில் பத்திரமாக இருந்தன. ஏதாவது ஒன்றுக்கு மறுநாளைக்குள் பணம் கட்டியாகவேண்டும்.

"எதுவானாலும் நாலு ஏக்கரையும் ஒத்தி வைத்துத்தான் கட்டவேண்டும்" என்றார் சிநேகிதர். "திருப்புவதற்கு எத்தனை வருஷமாகுமோ? இரண்டு தடவை ஒத்தி வைக்க நிலம் இல்லை, அண்ணாச்சி. அதனால் தப்பாகத் தேர்ந்தெடுத்துவிடக் கூடாது."

அடுப்படியிலிருந்து அவருடைய மனைவி, "படித்துவிட்டு வந்தால் வேலை உண்டா என்று கேளுங்கள்" என்றார்.

நமக்குச் சங்கடமாகப் போயிற்று. "உண்டு" என்று சொல்ல நா எழவில்லை. "இல்லை" என்று சொல்ல மனம் வரவில்லை. ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் படத்தொகுப்பும் கற்றவர்கள் எப்படியாவது பிழைத்துக்கொள்கிறார்கள். இயக்கம் படித்தவர்கள் காத்திருக்கவேண்டும். சிலர் வருஷக்கணக்காகக் காத்திருக்கிறார்கள். அந்த உண்மையை ஒளிக்காமல் சொன்னோம். அந்த அம்மாள் வேறொன்றும் கேட்கவில்லை. பாத்திரம் மட்டும் கொஞ்சம் பலமாக ஓசைப்பட்டது.

பூனாவின் கட்சி

தகப்பனாரின் கட்சி பூனா. அவர் சொன்ன காரணம் எளிமையானது: நாகர்கோவிலிலிருந்து பம்பாய் போகும் வண்டியில் கோவில்பட்டியில் ஏறினால் பூனாவில் இறங்கிக்கொள்ளலாம், நடுவில் வண்டி மாறவேண்டாம். தகப்பன் மனத்துக்கு இது பெரிய காரணந்தான்.

நாமும் பூனாவின் பக்கமே சாய்ந்தோம். நமது காரணங்கள் வேறு. சுதந்திரம் வந்த புதிதில், 1949-இல், நமது சர்க்கார் எஸ்.கே. பாட்டீல் தலைமையில் ஒரு திரைப்பட விசாரணைக் குழுவை நியமித்தது. தேசத்துக்கு ஒரு சினிமாக் கல்லூரி வேண்டும் என்று 1951-இல் அந்தக் குழு சொல்லிற்று. 1960-இல் பூனாவில் கல்லூரி பிறந்தது. பிறந்த இடமும் சாமானியமானதல்ல. பிரபாத் பிலிம் கம்பெனியின் பழைய ஸ்டூடியோ. "சந்த் துக்காராம்" என்ற மராத்திப் படம் 1936-இல் உருவானது அங்கேதான்.

அங்கே படித்தவர்களில் நம்மவர்கள் இல்லையா? மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து கடல் கடந்து போய் ஒளிப்பதிவு கற்றவர் பாலு மகேந்திரா. 1988-இல் அவர் தந்த "வீடு" படத்தை மறக்க முடியுமா? நமது ரயில்பாதையிலேயே, திண்டுக்கல்லுக்குத் தெற்கே உள்ள காந்திகிராமத்தில் பொருளாதாரமும் அரசியலும் படித்த ஒரு மலையாள வாலிபர், பிறகு கிடைத்த சர்க்கார் உத்தியோகத்தை விட்டுவிட்டு 1962-இல் பூனா போனார். நாடகப் பித்துப் பிடித்தவர். நாடகம் எழுதுவதற்கு உதவும் என்றுதான் போனார். சினிமா அவரைப் பிடித்துக்கொண்டது. அவர்தான் அடூர் கோபாலகிருஷ்ணன். பின்னாட்களில் ஒலிப்பதிவுக்காக 2009-இல் ஆஸ்கார் பரிசு பெற்ற ரசூல் பூக்குட்டியும், 2024-இல் கான் திரைப்பட விழாவில் கிராண்ட் பிரீ பரிசு பெற்ற பாயல் கபாடியாவும் பூனா மாணவர்களே.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பொக்கிஷம் அங்கே இருக்கிறது. 1964-இல் பூனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை நிறுவினார்கள். பி.கே. நாயர் என்ற மனிதர் தம் வாழ்நாளையெல்லாம் அதற்காகச் செலவிட்டார். குப்பைக்குப் போகவிருந்த பழம்படச் சுருள்களை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தார். பால்கேயின் 1913-ஆம் வருஷத்து "ராஜா ஹரிச்சந்திரா"வில் எஞ்சியதை இன்று நாம் பார்க்க முடிகிறதென்றால் அதில் அவர் கைங்கரியம் உண்டு.

"பத்து வருஷம் ஓடினால் பழைய படம் என்று நினைக்கிற ஊரில் பிறந்தவள் நீ. நூறு வருஷத்துப் படங்களுக்குப் பக்கத்தில் மூன்று வருஷம் குடியிருக்கலாம் அம்மா!" என்று நாம் அந்தப் பெண்ணிடம் ஆவேசமாகவே சொன்னோம்.

கல்கத்தாவின் கட்சி

அவள் மறுத்துப் பேசவில்லை. கல்கத்தாவைப் பற்றியும் சொல்லுங்கள், மாமா என்றாள். பஞ்சாயத்து என்றால் இரு கட்சியையும் கேட்கத்தானே வேண்டும்?

கல்கத்தா நிறுவனம் வயதில் இளையது, 1995-இல் ஆரம்பமானது. சத்யஜித் ராய் மறைந்து மூன்று வருஷத்துக்குப் பிறகு அவர் பெயரால் ஏற்பட்டது. அங்கே பயின்ற கனு பேலின் "தித்லி" 2014-இல் கான் விழாவுக்குச் சென்றது. விழாவின் மாணவர் பிரிவில் 2024-இல் பூனா மாணவர் படம் முதற்பரிசு பெற்றது. 2025-இல் கல்கத்தா மாணவர் படம் அதே பிரிவுக்குத் தேர்வாயிற்று. அதே 2025-இல் இரண்டு நிறுவனங்களுக்கும் சேர்த்தே நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்ற அந்தஸ்தும் வந்தது. ஆகவே தராசில் வைத்துப் பார்த்தால் முள் நடுவில்தான் நிற்கும்.

"அப்படியானால் எப்படித்தான் தேர்ந்தெடுப்பது?" என்று கேட்டார் சிநேகிதர். "பருப்புப் போளியா, தேங்காய்ப் போளியா என்றால் கல்லில் எது சூடாக இருக்கிறதோ அதைத் தின்னலாம். இதற்கு என்ன செய்வது?"

அப்போது நமக்கு ராயின் சொந்தக் கதையே நினைவுக்கு வந்தது. அவரும் ஒரு காலத்தில் இப்படி இரண்டு வித்தியாசாலைகளுக்கு நடுவே நின்ற சினிமாப் பைத்தியந்தான். கல்கத்தா பிரஸிடென்ஸி கல்லூரியில் பொருளாதாரம் படித்து முடித்தார். தாயார் சுப்ரபா தேவி, சாந்திநிகேதனத்துக்குப் போகவேண்டும் என்றார். பிள்ளைக்கு மனமில்லை. கல்கத்தாவின் சினிமாக் கொட்டகைகளையும் மேனாட்டுச் சங்கீதத்தையும் விட்டு அந்தச் செம்மண் பூமிக்கு யார் போவது? ஆனாலும் 1940-இல் போனார். நந்தலால் போஸிடமும் விநோத் பிஹாரி முகர்ஜியிடமும் சித்திரம் கற்றார். நோட்டுப் புஸ்தகத்தோடு சுற்றுப்புறக் கிராமங்களுக்குப் போய் வரைந்தார். வாசகசாலையில் சினிமாக் கலையைப் பற்றிய புஸ்தகங்களைக் கண்டெடுத்துப் படித்தார். 1942 முடியும்போது, படிப்பை முடிக்காமலே திரும்பிவிட்டார். ஆனால், அந்த இரண்டரை வருஷம் இல்லாவிட்டால் 1955-இல் வந்த "பதேர் பாஞ்சாலி" பிறந்திருக்காது என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். கண் பார்வையை இழந்த பிறகும் சித்திரம் தீட்டிய தம் குரு விநோத் பிஹாரியைப் பற்றி 1972-இல் ஒரு படமும் எடுத்தார்.

"இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று நாம் தீர்ப்புக் குரலில் ஆரம்பித்தோம். "பட்டணத்துப் பிள்ளைக்குக் கிராமத்தைப் பார்க்கும் கண் இல்லை. சாந்திநிகேதனம் அதைக் கொடுத்தது. எந்தப் பள்ளி பெரியது என்று கேட்காதே, அம்மா. உன்னிடம் எது இல்லை என்று கேள். அது எங்கே கிடைக்குமோ அங்கே போ. கரிசலைப் பார்க்கும் கண் உனக்குப் பிறவியிலேயே இருக்கிறது. உன்னிடம் இல்லாதது பழைய படங்களின் பரிச்சயம். அது பூனாவில் இருக்கிறது. ஆகவே, பூனா!"

சிநேகிதர் முகம் மலர்ந்தது. நமக்கும் நம் மீது சற்றே மதிப்பு உயர்ந்தது. அது வெகு நேரம் நீடிக்கவில்லை.

ஆச்சியின் கொட்டகை

இதுவரையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆச்சி, "தம்பி, நான் பத்து வயசில் கட்டபொம்மன் படம் பார்த்தேன்" என்றார். 1959-இல் வந்த "வீரபாண்டிய கட்டபொம்மன்" படத்தைச் சொல்கிறார். டூரிங் கொட்டகையில், மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்தாராம். "படம் முடிஞ்சு ஊருக்குத் திரும்பி நடந்து வாறோம். ஒருத்தரும் தூங்கலே. கயத்தாறு இந்தா இருக்கு! தூக்குப் போட்ட ஊரு நம்ம பக்கத்து ஊரு! எங்க அய்யா ஒண்ணு சொல்ல, சித்தப்பா ஒண்ணு சொல்ல, விடிய விடியச் சண்டை. அப்படி இல்லே, இப்படின்னு. அந்தச் சண்டைதான் எனக்கு இன்னிக்கும் ஞாபகம் இருக்கு. படம் பாதி மறந்து போச்சு."

கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799-இல். படத்தில் நடித்த சிவாஜி கணேசனே 1970-இல் அங்கே சிலை எழுப்பினார். இந்தச் சரித்திர விவரங்களை நாம் சொல்ல வாயெடுக்குமுன், அந்தப் பெண் பேசத் தொடங்கினாள்.

"மாமா, நீங்கள் சொன்ன நியாயம் சரிதான். தீர்ப்புத்தான் சரியில்லை. படம் பார்க்க எனக்குக் குறைவில்லை. இந்தக் கைப்பேசியிலே ராய் படமும் பார்த்திருக்கிறேன், ஜப்பான்காரர் படமும் பார்த்திருக்கிறேன். திரை சின்னது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால், பார்த்து முடித்த பிறகு என்ன செய்வது? இந்த ஊரிலே அதைப் பற்றிச் சண்டை போட எனக்கு ஒருவரும் இல்லை. ஆச்சிக்கு இருந்தது எனக்கு இல்லை. அப்பாவிடம் சொன்னால் 'நல்ல படமா? சரி' என்பார். காலேஜிலும் அப்படித்தான். நாலு வருஷமாக எனக்குள்ளேயே பேசிக்கொண்டிருக்கிறேன்."

சற்று நிறுத்திவிட்டு மறுபடியும் சொன்னாள்:

"ராய் எப்படிக் கற்றார்? அவருக்குக் கல்லூரியே கிடையாதே! 1947-இல் சிநேகிதர்களோடு கல்கத்தா பிலிம் சொஸைட்டி ஆரம்பித்தார். படம் பார்ப்பதும் வாதாடுவதுந்தான் அவர்களுக்குக் கல்லூரி. அந்த ஊர் டீக்கடையில் உட்கார்ந்துகூட ஜனங்கள் சினிமாவைப் பற்றிச் சண்டை போடுவார்களாம். எனக்கு அந்த ஊர் வேண்டும்."

"ராய் பிறந்த காலம் வேறு. இப்போதும் அங்கே அப்படியே இருக்கும் என்பது என்ன நிச்சயம்?" என்று நாம் கடைசி அஸ்திரத்தைப் போட்டோம்.

"இல்லாவிட்டால் நானே ஆரம்பிக்கிறேன். என்னோடு சேருகிறவர்களும் என்னைப் போலத்தானே எங்கெங்கோ தனியாக உட்கார்ந்து பார்த்தவர்கள்?" என்றாள்.

சிநேகிதர் விடவில்லை. "கல்லூரிக்கே போகாமல் படம் எடுத்தவர்களும் இருக்கிறார்களே. மேலூர்ப் பக்கத்துப் பிள்ளை ஒருவர் எடுத்த படத்துக்கு ஏதோ வெளிநாட்டுப் பரிசு வந்ததே?" என்று கேட்டார். பி.எஸ். வினோத்ராஜைச் சொல்கிறார். அவருடைய "கூழாங்கல்" 2021-இல் ராட்டர்டாம் விழாவில் முதற்பரிசான புலி விருதைப் பெற்றது. அவர் படித்தது சென்னையில் படத் தகடுகள் விற்ற ஒரு கடையில்.

"அந்தக் கடை எனக்குக் கிடைத்திருந்தால் நானும் எங்கும் போகமாட்டேன், அப்பா" என்றாள் பெண்.

அத்துடன் பஞ்சாயத்து கலைந்தது. நாம் வகுத்த நியாயத்தைக் கொண்டே நமது தீர்ப்பை அவள் புரட்டிவிட்டாள். தன்னிடம் இல்லாதது எது என்று நமக்குத் தெரிந்ததைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. இருபத்தொரு வயதில் இது எத்தனை பேருக்குத் தெரியும்? பிள்ளைகளின் குறையைப் பெரியவர்கள் நிர்ணயித்துவிட்டு, அதற்குரிய கல்லூரியையும் தேர்ந்தெடுத்து, பிறகு அவர்கள் ஏன் முகம் வாடியிருக்கிறார்கள் என்று நாம் ஆச்சரியப்படுகிறோம்!

அடுப்படியிலிருந்து அந்த அம்மாள் வெளியே வந்தார். "பூனாவோ கல்கத்தாவோ, நிலம் ஒன்றுதான் போகிறது. அவள் கேட்ட ஊருக்கே போகட்டும். ஆனால், பெண்பிள்ளைகளுக்கு விடுதி உண்டா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்" என்றார். வளாகத்துக்குள்ளேயே விடுதி இருக்கிறது என்றோம். "ஒத்திப் பத்திரம் எழுத நாளைக்குக் காலையிலேயே கயத்தாறு போய்விட்டு வந்துவிடுங்கள்" என்று கணவரிடம் சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். இப்போது பாத்திர ஓசை கேட்கவில்லை. சற்று நேரம் எந்த ஓசையுமே கேட்கவில்லை.

மாலையில் ஸ்டேஷனுக்கு எல்லோருமே வந்தார்கள். ஆடிக் காற்று பிளாட்பாரத்துப் புழுதியை வாரி இறைத்தது. எக்ஸ்பிரஸ் வண்டி ஒன்று நிற்காமல் கடகடவென்று ஓடிற்று. பூனா வழியாகப் பம்பாய் போகிற வண்டியும், கன்னியாகுமரியிலிருந்து வாரம் ஒருமுறை ஹௌராவுக்குப் போகிற வண்டியும் இந்தத் தண்டவாளத்தின் மீதுதான் போகின்றன. அந்தப் பெண் கைப்பேசியை உயரப் பிடித்து, ஓடும் வண்டியின் ஓசையைப் பதிவு செய்துகொண்டிருந்தாள். எதற்கு என்று கேட்டோம். "அங்கே போய்க் கேட்பதற்கு" என்றாள்.

நமது பாசஞ்சர் வந்தது. சிநேகிதர் அவசர அவசரமாகக் கூடையைத் திறந்து, "பருப்பா, தேங்காயா, அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"தீர்ப்புச் சொல்லுகிற வேலையை விட்டுவிட்டோம். உமது பெண்ணையே கேளும்" என்றோம்.

அவள் தேங்காய்ப் போளியாகவே பொறுக்கி எடுத்துக் கட்டிக் கொடுத்தாள். வண்டி குமாரபுரம் தாண்டுவதற்குள் பொட்டலம் காலி.